பழைய சுரங்கத்துக்குள்ள எட்டிப் பார்க்கணும்னு ஆசையா?

போன மாசம் ஆபீஸ் பிரண்ட்ஸ் ரெண்டு பேரை எங்க ஊருக்கு கூட்டிட்டு போனேன், கோலார் தங்கவயல். சைனைட் மலை (தங்கம் பிரிச்சது போக மிச்சம் கொட்டுன மண்ணு மேடு) மேல ஏறி போட்டோ எல்லாம் எடுத்து முடிச்சதும் ஒருத்தன் "உள்ள போற வழி ஏதாவது இருக்கும்ல மச்சி, அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு வந்துடலாம்"னு ஆரம்பிச்சுட்டான், கையில போன் டார்ச் மட்டும்தான். எனக்கு வந்த கோவத்துல அங்க ஒழுங்கா எடுத்துச் சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன்.

எங்க தாத்தா அங்க இருந்த சாம்பியன் ரீஃப்ங்குற சுரங்கத்துல அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். வட ஆற்காடு பக்கம் இருந்து பொழைக்கப் போன குடும்பம், அங்க பாதி ஊரே அப்படித்தான். 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், அடியில பாறை சூடே 60 டிகிரிக்கு மேல. திடீர்னு பாறை வெடிச்சு சிதறும், அதை ஊர்ல ஏர் பிளாஸ்ட்னு சொல்லுவாங்க, சத்தம் கேட்டா பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள்ள எறங்குற குழி) வாசலுக்கு ஓடுவாங்களாம். அவ்வளவு ஆழத்துல மனுஷன் உயிரோட இருந்ததுக்கு காரணமே ராத்திரி பகலா காத்தை உள்ள தள்ளிக்கிட்டு இருந்த ஃபேனும் தண்ணிய இறைச்ச பம்பும்தான். 2001 பிப்ரவரி 28ல சுரங்கத்தை மூடிட்டாங்க. இப்ப காத்தை தள்ள யாரும் இல்ல, அடியில தண்ணி நிறைஞ்சு கெடக்கு.

எல்லாரும் பாறை சரிஞ்சு விழும்னு மட்டும்தான் பயப்படுறாங்க. ஆனா சத்தமே இல்லாம ஆளை முடிக்கிறது காத்துதான். மூடிக் கெடக்குற எடத்துல மரம் மக்குறது, கல்லுல இருக்குற கந்தகத் தாது துருப்பிடிக்கிற மாதிரி மாறுறது, இதெல்லாம் ஆக்சிஜனை தின்னுடும். வெளிய 21 சதவீதம் இருக்குறது 10க்கு கீழ போச்சுன்னா மயக்கம் வர்றதுக்கு முன்னாடி எச்சரிக்கையே இல்லாம போகலாம், இன்னும் ரொம்ப கொறஞ்சா சில மூச்சுலயே கால் மடங்கிடும். கார்பன் டை ஆக்சைடு கனமானது, பள்ளத்துல தேங்கி நிக்கும். தேங்குன தண்ணிய கால் வச்சு கலக்குனா அழுகுன முட்டை நாத்தம் அடிக்குற வாயு கிளம்பலாம், அது ஜாஸ்தியா இருந்தா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு நாம நடந்துகிட்டே இருப்போம்.

ஊர்ல கெணறு தூர் வாருறப்ப விளக்கை எறக்கிப் பார்ப்பாங்கல்ல, அது ஆக்சிஜன் கொறஞ்சதை மட்டும்தான் காட்டும், கார்பன் மோனாக்சைடைக் காட்டாது, எரியுற வாயு இருந்தா அந்த விளக்கே வெடிக்க வச்சிடும். இதுக்குன்னு நாலு வாயுவை அளக்குற மீட்டர் இருக்கு, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு கீழ போனா கத்தும். அது கையில இருந்தாலும் பயிற்சி இல்லாதவங்க எறங்கக்கூடாது. ஏன்னா தரைன்னு நெனச்சு மிதிக்கிறது பழைய பலகை மேல கொட்டுன மண்ணா இருக்கும், கீழ நேரா ஓட்டை.

2020 மே மாசம் அதே தங்கவயல்ல மாரிகுப்பம் பக்கம் பழைய சுரங்கத்துல ராத்திரி எறங்குன மூணு பேர் செத்தே போனாங்க. ஒருத்தர் உள்ள சாஞ்சா தூக்கப் போறேன்னு பின்னாடியே ஓடாதீங்க, தயவு செஞ்சு ஓடாதீங்க. அதே காத்தைத்தான் நீங்களும் மூச்சு இழுக்கப் போறீங்க. வெளிய நின்னு 112க்கு போன் பண்ணுங்க, மூச்சு விடுற கருவியோட வர்ற மீட்புக்காரங்கதான் எறங்கணும்.

அன்னைக்கு அவங்களை வீட்டுக்கு கூட்டிட்டு வந்து தாத்தாவோட டோக்கனை எடுத்துக் காட்டுனேன், பித்தளை, நம்பர் பாதி தேஞ்சு போச்சு, ஓரத்துல ஓட்டை. ஷிப்ட் முடிஞ்சும் ஒரு டோக்கன் திரும்பலைன்னா கீழ இன்னும் ஒரு ஆள் இருக்கார்னு அர்த்தம், தேட ஆள் கிளம்புவாங்கன்னு பாட்டி சொன்னாங்க. உள்ள போகலாம்னு சொன்னவன்தான் ரொம்ப நேரம் அதை கையிலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.