ஜிங்கோனியா: அட்டலாண்டா தன் பிள்ளைகளை வளர்க்கும் ஊர்

வட இத்தாலியில் இருக்கும் பெர்காமோ நகரத்துக்கு வருகிறவர்கள் மலைமேல் இருக்கும் பழைய நகரத்தையும் வெனிஸ்காரர்கள் கட்டிய மதிலையும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக் கீழே இறங்கிவிடுவார்கள். நானும் அதையெல்லாம் பார்த்தேன், அழகுதான். ஆனால் நான் வந்தது ஜிங்கோனியாவுக்காக. பெர்காமோவின் கால்பந்து கிளப்பான அட்டலாண்டாவின் பயிற்சி மைதானங்களும் இளையோர் அகாடமியும் அங்கேதான் இருக்கின்றன. இத்தாலியில் பிள்ளைகளைக் கால்பந்து வீரர்களாக வளர்த்தெடுப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி.

ட்ரெவில்யோ போகும் ரயிலில் ஏறி வெர்தெல்லோ-டால்மினே ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கிருந்து நடை. வழியெல்லாம் கிடங்குகள், பட்டறைகள், லாரிகள். 1960களில் ரென்சோ ஜிங்கோனே என்ற தொழிலதிபர் ஐந்து ஊர்களின் எல்லைக்குள் நிலம் எடுத்து, திட்டம் போட்டுக் கட்டத் தொடங்கிய தொழில் நகரம் இது. தன் பெயரையே ஊருக்கு வைத்தார். அவர் கனவு கண்ட அளவுக்கு அது வளரவில்லை. பாழடைந்து நின்ற அடுக்குமாடிக் கட்டடங்கள் ஆறை 2019இல் இடிக்கத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட ஊரில் பச்சைப் பசேலென்று மைதானங்கள். அப்பா, மகன் என இருவருமே கிளப்பின் தலைவர்களாக இருந்த பொர்தொலொத்தி குடும்பத்தின் பெயரில் இந்த மையம் இயங்குகிறது.

அன்று காலை சிறுவர்களுக்கு ஒரு மேட்ச். பதின்மூன்று வயது இருக்கலாம். கம்பி வேலியைப் பிடித்தபடி பெற்றோர்களோடு நானும் நின்றேன். அட்டலாண்டா கோல்கீப்பர் பந்தைத் தூக்கி அடிக்காமல், எதிரணிப் பையன்கள் இருவர் நெருக்கிக்கொண்டு வரும்போதும் பக்கத்தில் இருந்தவனுக்குத் தட்டிவிட்டான். பந்து பறிபோனது, கோலும் விழுந்தது. கோச் கத்துவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு முறை கைதட்டி, மறுபடியும் அதையே செய் என்பதுபோலச் சைகை காட்டினார். அடுத்த முறையும் பையன் அப்படியே ஆடினான். இந்தத் தடவை பந்து சரியாகப் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பொறுமையை இங்கே ஊன்றியவர் மீனோ ஃபவினி. கோமோ கிளப்பில் இளையோரை வளர்த்துப் பேர் வாங்கியவர். 1990இல் அந்தோனியோ பெர்காஸி அட்டலாண்டாவின் தலைவரானதும் அவரை இங்கே அழைத்துவந்தார். 2015 வரை ஃபவினியின் கைகளில்தான் அகாடமி இருந்தது. சின்ன வயதில் வியூகங்களைத் திணிக்கக்கூடாது, முதலில் பந்து காலுக்குப் பழக வேண்டும், அதோடு பள்ளிப் படிப்பும் கெடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. 1993இல் பிராண்டெல்லி பயிற்சியில் இளையோர் அணி பிரிமவேரா எனப்படும் இத்தாலிய இளையோர் லீக் பட்டத்தையும் வியாரெஜ்ஜோ என்ற இளையோர் போட்டியின் கோப்பையையும் ஒரே ஆண்டில் தட்டிச் சென்றது. அப்புறம் மொர்ஃபெயோ, தாக்கினார்தி, பாத்ஸீனி, மொந்தொலீவோ, பொனவெந்தூரா என்று வரிசையாக வந்தார்கள். அதற்கு முன்பே ஷிரேயாவும் தொனதோனியும் இங்கிருந்து போனவர்கள்தான். ஷிரேயா 1982 உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர், தடுப்பாட்டக்காரர்களில் எனக்கு மிகப் பிடித்தவர்.

வளர்த்தவர்களை எல்லாம் விற்றுவிடுகிறார்களே என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மிலானுக்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிறிய நகரத்துக் கிளப் வேறு எப்படிப் பிழைக்கும்? 2016இல் நடந்ததைப் பாருங்கள். புதிதாக வந்த கோச் காஸ்பெரீனி முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்று, வேலையே போகும் நிலையில் இருந்தார். நாப்போலி அணிக்கு எதிராக கால்தாரா, கல்யார்தீனி போன்ற அகாடமிப் பையன்களை நம்பி இறக்கினார். 1-0 என்று வெற்றி. அந்த சீசன் முடிவில் அணி இத்தாலிய லீக்கில் நான்காம் இடம் பிடித்தது. கல்யார்தீனி இன்டர் கிளப்புக்கும், கொந்தியும் கெஸ்ஸியேயும் மிலான் கிளப்புக்கும் போனார்கள். பின்னாளில் பஸ்தோனி, குலுசெவ்ஸ்கி, அமாத் எல்லாரும் பெரும் தொகைக்கு விலை போனார்கள். அந்தப் பணத்தில் அணி பலப்பட்டது. 2024 மே மாதம் டப்ளினில் ஜெர்மனியின் லெவர்குசன் அணியை 3-0 என்று வீழ்த்தி, ஐரோப்பிய கிளப்களுக்கான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியபோது, களத்தில் ருஜ்ஜேரியும் ஸ்கால்வினியும் இருந்தார்கள். இருவரும் இந்த மைதானங்களில் வளர்ந்த பிள்ளைகள்.

ஃபவினி 2019 ஏப்ரலில் காலமானார். சில வாரங்களிலேயே இளையோர் அணி இறுதியாட்டத்தில் இன்டரை வென்று பிரிமவேரா சாம்பியன் ஆனது. அவர் அதைப் பார்த்திருக்கலாமே என்று இன்றும் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

இங்கே வளர்கிறவர்களில் பெரும்பாலானோர் கிளப்பின் முதல் அணிக்கு, அதாவது பெரியவர்கள் அணிக்கு, போவதில்லை. பியெர்மாரியோ மொரொசீனி பெர்காமோவிலேயே பிறந்து இந்த அகாடமியில் வளர்ந்தவர், ஆனால் அட்டலாண்டாவின் முதல் அணிக்கு ஆடாமலேயே உதினேஸே கிளப்புக்குப் போய்விட்டார். 2012 ஏப்ரல் 14 அன்று லிவோர்னோ அணிக்காக பெஸ்காரா நகரில் ஆடிக்கொண்டிருந்தபோது களத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 25. பெர்காமோ ஸ்டேடியத்தின் தெற்குப் பக்க கேலரி அவர் பெயரில்தான் இருக்கிறது. முதல் அணிச் சட்டையே போடாத ஒரு பையனை இந்த ஊர் இப்படி நினைவில் வைத்திருப்பதால்தான் அட்டலாண்டாவை எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

வேலி ஓரம் என் பக்கத்தில் நின்ற தாத்தா ஒருவர், பேரனுக்குப் பிறந்தவுடனேயே கிளப்பிலிருந்து குட்டிச் சட்டை வந்தது என்றார். 2010 முதல் இந்த மாகாணத்து மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு அட்டலாண்டா சட்டை பரிசாகக் கொடுத்துவருகிறது. அவர் பேரன் அன்று வலப்பக்கத் தடுப்பில் ஆடினான், நன்றாகவே ஆடினான்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: முதல் அணியின் பயிற்சியைப் பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், கதவு மூடியிருக்கும். இளையோர் ஆட்டங்களின் அட்டவணையைப் பார்த்து, பொதுமக்களை விடுகிறார்களா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். வெயில் காலமென்றால் தொப்பி வேண்டும், ஸ்டேஷனிலிருந்து வரும் சாலையில் நிழல் குறைவு.