மேலவாசலில் புறப்பட்ட வண்டி
சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் வழிகாட்டுதலில், 1931 ஆம் ஆண்டு மன்னார்குடி அருகேயுள்ள மேலவாசலிலிருந்து மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் புறப்பட்டது. இன்று நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) சேரும் கல்லூரி மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அந்த வண்டியைப் போல வாசிப்பை ஊர்களுக்குக் கொண்டுசேர்க்காமல், அதில் பெரும்பகுதி மரக்கன்று நடுவதிலும் ஊர்வலத்திலும் கரைவது எனக்கு உடன்பாடில்லை.

சம்பா நடவு நாட்களில் பெற்றோர் பொழுது சாய்ந்தே திரும்புவதால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். நலப்பணித் திட்ட முகாமுக்காக அங்கே வந்த கல்லூரி மாணவி ஒருவர், பாடத்தை மளமளவென்று ஒப்பித்த மூன்றாம் வகுப்புச் சிறுவனின் விரலை வரியின் நடுவே ஒரு சொல்லில் வைத்ததும், அவன் திணறிப்போனான். அவரோ பாடநூலை மூடிவிட்டு, உரச் சாக்கில் அச்சிட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தார். முகாம் ஏழு நாட்களில் முடிந்துவிடுகிறது. அடுத்த அணி வரும்வரை அச்சிறுவனுடன் யார் அமர்வது என்பதையும் கல்லூரிகளே திட்டமிட வேண்டும்.