பல்பு எரிக்காத உலை

"கூடங்குளம் சரி, கரண்ட் வருது. ஒரு பல்பு கூட எரிக்காத ஆராய்ச்சி உலைக்கு எதுக்கு மாப்ள கோடி கோடியா கொட்டணும்?" மச்சான் போன வாரம் இப்படிக் கேட்டார். என் சோறே அதில்தான் வேகிறது என்று அவருக்குத் தெரியாது.

திருச்சியில் பாய்லர் குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே மாதிரி ஃபிலிம் எடுத்துப் பார்ப்பது என் வேலை. ஆட்கள் கிளம்பிய பிறகு ராத்திரியில் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, தள்ளி நின்று கேபிளைச் சுற்றினால் கேமரா என்று நாங்கள் சொல்லும் கவசப் பெட்டியிலிருந்து சோர்ஸ், அதாவது கதிர்வீசும் பொருள், வெளியே போகும். மிளகளவு இரிடியம்-192. கழுவிய ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்தால் காற்றுக்குமிழ் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெல்டிங் சரியாகப் பிடிக்காத இடம் முடி மாதிரி நேர்க்கோடாக விழும். அதைப் பார்த்துவிட்டால் அந்த ஜாயின்ட்டை வெட்டி மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

இந்த இரிடியம் மும்பை டிராம்பேயில் 1985 முதல் ஓடும் துருவா உலையில் தயாராகிறது. 100 மெகாவாட் வெப்பம், ஒரு யூனிட் மின்சாரம் கிடையாது. உலைக்குள் வைத்த சாதா இரிடியம் நியூட்ரானை வாங்கிக்கொண்டு கதிரியக்கமாகிறது. ஆனால் 74 நாளில் வீரியம் பாதியாகிவிடும். ஐந்து நிமிட ஷாட் பத்தாகும், அப்புறம் இருபதாகும். வாங்கி அடுக்கி வைக்க வழியே இல்லை. உலை ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும்.

மருத்துவத்தில் நிலைமை இன்னும் மோசம். ஸ்கேனுக்குப் போடும் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருள் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். உலையில் தயாராகும் அதன் தாய்ப்பொருளான மாலிப்டினம் பாதியாக 66 மணி நேரம் ஆகும். கனடாவின் சாக் ரிவரில் 1957-இல் தொடங்கிய உலை 2009-இல் கனநீர் கசிந்து ஒரு வருஷத்துக்கு மேல் நின்றபோது, உலகம் முழுக்க ஸ்கேன்கள் தள்ளிப்போயின. மாற்றாக இரண்டு உலைகள் கட்டித்தான் வைத்திருந்தார்கள். சோதனையில் அவை கணக்குக்கு நேர்மாறாக நடந்துகொண்டதால் 2008-லேயே கைவிட்டுவிட்டார்கள். புது உலை சரியாக வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதனால்தான் பழையது ஓடும்போதே பணம் போட வேண்டும் என்கிறேன்.

நம்மிடம் 1960-இல் வந்த சைரஸ் உலை 2010 கடைசியில் மூடப்பட்டது. 2018-இல் அப்சரா-யு வந்தது, ஆனால் வெறும் 2 மெகாவாட். தனியாரோடு சேர்ந்து ஓர் ஆராய்ச்சி உலை கட்டுவோம் என்று 2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மருத்துவ ஐசோடோப்புகளுக்காக என்றார். நியாயம்தான். எங்கள் இரிடியத்துக்கும் அதில் ஓர் ஓரம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.