பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

சர்ச்சில் பாடல் ஆராதனை நடத்தத் தொடங்கிய புதிதில் பாடல்களை மட்டும்தான் பயிற்சி செய்வோம். ஒவ்வொன்றும் நன்றாகவே வரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டு முடிந்த பிறகுதான் சங்கடம். கிட்டார்காரர் கேப்போவை, அதாவது சுருதியை ஏற்றக் கம்பிகள்மேல் மாட்டும் கிளிப்பை, மாற்றுவார், டிரம்ஸ்காரர் தாளைப் புரட்டுவார். அந்தப் பத்து விநாடியை நிரப்ப நான், "எல்லாரும் ஒரு அல்லேலூயா சொல்லுவோமா?" என்பேன். மூன்றாவது முறை கேட்டபோது சபையிலிருந்து வந்த அல்லேலூயா எனக்கே பாவமாக இருந்தது.

ஒருநாள் வசமாக மாட்டினோம். வேகமான துதிப் பாடல் ஜி மேஜர் ஸ்கேலில் முடிந்தது. அடுத்தது டி மேஜரில் மெதுவான பாட்டு. நான் ஜெபித்து முடித்துப் பாட ஆரம்பித்தேன், பழைய ஸ்கேலிலேயே. கீபோர்டு அதற்குள் டி-க்குப் போயிருந்தது. இரண்டு வரிக்கு ஆளுக்கொரு சுருதி. கண்மூடி நின்றவர்களெல்லாம் கண் திறந்து பார்த்தார்கள்.

அப்புறம் பயிற்சியையே மாற்றினோம். முதல் பாட்டின் கடைசிப் பல்லவியிலிருந்து அடுத்த பாட்டின் முதல் வரி வரை, அதை மட்டும் திரும்பத் திரும்ப. ஜி கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) இரண்டு ஸ்கேலுக்கும் பொது. அதில் கொஞ்சம் நின்று, ஏ செவன் கார்டைத் தொட்டால் காது தானாகவே டி-யை எதிர்பார்க்கிறது. எனக்கும் சுருதி கிடைத்துவிடும். வேகம் நிமிடத்துக்கு 120 தட்டிலிருந்து 70-க்கு இறங்கும்போது டிரம்ஸ் முழுதாக நின்றுவிடும். கீபோர்டு மட்டும் மெல்லத் தாங்க, முதல் இரண்டு வரியை நான் தாளமில்லாமல் பாடுவேன். நான் முஷ்டியை மடக்கினால் முடிக்கிறோம், ஒரு விரல் காட்டினால் பல்லவி மறுபடியும். இந்தச் சைகைகளைத் திரையில் வரிகளைப் போடும் தம்பிக்குச் சொல்ல மறந்து, அதற்கும் ஒரு வாரம் அவமானப்பட்டோம்.

பேச்சைக் குறைத்தது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. இப்போது ஒரே ஒரு வசனம், அதுவும் அடுத்த பாட்டின் கருத்தோடு சேர்வதாக இருந்தால் மட்டும். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்குப் பிறகு அதுவும் கிடையாது, இசையும் கிடையாது. அந்த அமைதியை நிரப்பக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வோம்.

அறிவிப்புக்குப் போகிற இடம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கண்ணீரோடு நிற்கிறவர்களிடம், வாசலை மறித்து நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்வதற்கு எந்தக் கார்டை வாசிப்பது?