முகம் பார்த்துப் பேசிய வீடு

கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து காலையில் காரில் கிளம்பினோம். கான்சோ நீரிணையைக் கடந்து, கேப் பிரிட்டன் தீவில் படெக் என்ற சின்ன ஊருக்கு வந்தபோது மதியம் ஆகிவிட்டது. ஏரிக்கரைப் புல்வெளியில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் அருங்காட்சியகம். உலகச் சாதனை வேகத்தில் ஓடிய அவருடைய படகின் உடல்பகுதி உள்ளே இருக்கிறது. என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் ஒரு புகைப்படத்தின் முன்னால் நின்றுவிட்டேன்.

1903-இல் எடுத்தது. முக்கோணச் சட்டங்களாலான பட்டத்தின் கூட்டுக்குள் பெல்லின் மனைவி மேபெல் நிற்கிறார். தாடி நரைத்த பெல் வெளியிலிருந்து குனிந்து அவருக்கு முத்தம் கொடுக்கிறார்.

ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் மேபெலுக்குக் காது முழுவதும் போய்விட்டது. உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். பெல்லிடம் பேச்சுப் பயிற்சிக்கு வந்த மாணவி, அவரைவிடப் பத்து வயது சிறியவர். 1875-இல், மேபெலின் 18-ஆவது பிறந்தநாளன்று நிச்சயம் ஆனது. 1877 ஜூலை 11-இல் கல்யாணம். தொலைபேசி நிறுவனத்தில் தனக்கிருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி 1,487-ஐயும் மனைவிக்கே கொடுத்துவிட்டார் பெல்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது. ஃபிலடெல்பியா கண்காட்சிக்குத் தொலைபேசியைக் கொண்டுபோக பெல்லுக்கு மனமில்லை, வகுப்பு வேலை கிடந்தது. மேபெல் அவரை ரயிலடிக்கே அழைத்துப்போய் டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். பெல் மறுத்துப் பேசப் பேச, முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதட்டைப் பார்க்காவிட்டால் அவருக்குக் கேட்காதல்லவா! பெல் ரயிலேறினார்.

காது கேளாத எங்கள் பெரியம்மாவும் இதையேதான் செய்வார். அவர் முகத்தைத் திருப்பினால் வீட்டில் எந்த வாதமும் அதோடு சரி.

பெல், மேபெல் தம்பதிக்கு இரண்டு மகள்கள் வளர்ந்தார்கள். இரண்டு மகன்கள் பிறந்த உடனே போய்விட்டார்கள். 1881-இல் மூச்சுவிட முடியாமல் இறந்த எட்வர்டை நினைத்து, மூச்சுக்கு உதவும் உலோக அங்கி ஒன்றை பெல் செய்துபார்த்தார். கண்ணீரோடு செய்திருப்பார் என்றே நினைக்கிறேன். பின்னாளில் பெல்லின் விமான ஆராய்ச்சிக் குழுவுக்கு 20,000 டாலர் கொடுத்தவர் மேபெல். அந்தக் குழுவின் ‘சில்வர் டார்ட்’ விமானம் 1909-இல் இதே ஊரில், உறைந்த பனிக்கட்டி மேலிருந்து பறந்தது.

ஆனால் காது கேளாதோர் பள்ளிகளில் சைகை மொழி வேண்டாம் என்றும், அவர்கள் தங்களுக்குள் மணந்துகொள்வது நல்லதல்ல என்றும் பெல் வாதாடியதை என்னால் ஏற்க முடியவில்லை. மேபெலால் முடிந்தது எல்லோராலும் முடியும் என்று நினைத்தாரோ என்னவோ. கைகளாலேயே கதை சொல்லும் பெரியம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு அது வலிக்கிறது.

வெளியே வந்தால் விரிகுடாவுக்கு அந்தப்பக்கம் பென் வ்ரியா மலைமுனை. அவர்கள் வாழ்ந்த பெரிய வீடு இன்னும் குடும்பத்தாரிடம்தான் இருக்கிறது, உள்ளே போக முடியாது. 1922 ஆகஸ்டில் பெல் இறந்தார். ஐந்து மாதத்தில் மேபெலும் போனார். இருவரும் அந்த மலையுச்சியில்தான் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை, தங்கியிருந்த அறையின் ஜன்னல் பக்கம் திரும்பி, முகத்தில் வெளிச்சம் விழ உட்கார்ந்து பெரியம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், “சாப்பிட்டியா?” என்று கையால் கேட்டார்.