3 நிமிட ஒலி அசைன்மென்ட்டில் மதிப்பெண்ணை எதற்குக் கொடுப்பது?

‘பணவீக்கம் பற்றி ஒரு பாட்காஸ்ட் செய்து வாருங்கள்’ என்று மட்டும் சொன்னால், பின்னணி இசையோடு வாசித்த பாடநூல் பக்கம்தான் வந்து சேரும். கேள்வியை இறுக்க வேண்டும். ‘விலைவாசி ஏறினால் கடன் வாங்கியவருக்கு லாபமா, கொடுத்தவருக்கா? பொருளியலே படிக்காத ஒருவருக்கு விளக்குங்கள்’ என்று கேளுங்கள். கேட்பவர் யார் என்று தெரிந்தால்தான் மாணவர் சொந்த வாக்கியம் தேடுவார்.

நீளம் 3 நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 300 சொற்கள். 60 பேரை மூவர் மூவராகப் பிரித்தால் 20 கோப்புகள், கேட்டு முடிக்க 1 மணி நேரம். ஆளுக்கு 10 நிமிடம் என்று அறிவித்துவிட்டால் 10 மணி நேரம். அதை யார் முழுதாகக் கேட்பார்கள்? கேட்கவில்லை என்பது மாணவர்களுக்கும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

20 மதிப்பெண்ணில் 10 ஸ்கிரிப்டுக்கு, 5 ஆதாரங்களுக்கு, 3 பேசும் தெளிவுக்கு, 2 எடிட்டிங்குக்கு. எடிட்டிங்குக்கு அள்ளிக் கொடுத்தால் நல்ல லேப்டாப் வைத்திருப்பவர்தான் முந்துவார். ஸ்கிரிப்டை ஒரு வாரம் முன்பே கூகுள் டாக்ஸில், எடிட்டர் அனுமதியோடு வாங்குங்கள். எழுத்து எப்படி வளர்ந்தது என்பது அதன் பதிப்பு வரலாற்றில் தெரியும். பிடிஎஃப் ஆக வாங்கினால் அது கிடைக்காது. மொத்தமும் ஒரே நொடியில் ஒட்டப்பட்டிருந்தால் உடனே குற்றம் சாட்டிவிடாதீர்கள், வேறு இடத்தில் தட்டச்சு செய்து பிறகு இங்கே ஒட்டுபவர்கள் உண்டு. இரண்டு கேள்வி கேட்டாலே விளங்கிவிடும்.

பதிவுக்கு ஃபோன் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதும். காலி வகுப்பறை எதிரொலிக்கும். அதை எந்தச் செயலியாலும் முழுதாக நீக்க முடியாது. மின்விசிறி இரைச்சலை ஓரளவு குறைக்கலாம். அதற்குப் பேசத் தொடங்குமுன் 5 நொடி மௌனம் பதிவாகியிருக்க வேண்டும், ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் அதை மாதிரியாக வைத்துத்தான் இரைச்சலைக் கழிக்கும்.

கடைசி நாளில் அதிகம் சிக்குவது கோப்பு வகை. ‘சேவ்’ கொடுத்தால் ஆடாசிட்டி தன் புராஜெக்ட் கோப்பைத்தான் சேமிக்கும். அது ஃபோனில் ஓடாது. ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து எம்பி3, மோனோ (ஒற்றைத் தடம்), 64 கேபிபிஎஸ் தரம் என்று எடுத்தால் 3 நிமிடம் 1.5 எம்பிக்குள் அடங்கும். சுருக்கப்படாத வேவ் கோப்பென்றால் மோனோவிலேயே 15 எம்பி தாண்டும். இந்த ஒரு படிக்காகவே 30 நொடி சோதனைக் கோப்பை முதல் வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.