அரியர் டென்னிஸ்: முதலில் பத்துப் பந்து, அப்புறம் கண்ணை மூடுங்கள்

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பி.பி.எட் (உடற்கல்விப் பட்டப்படிப்பு) டென்னிஸ் ஸ்பெஷலைசேஷன் பிராக்டிகல், இரண்டாவது தடவை, பாஸ். முதல் தடவை போனபோது அம்மா, "விளையாட்டுப் பரீட்சையில கூடவா ஃபெயில் ஆவாங்க?" என்று கேட்டார். ஆவார்கள். நான் ஆனேன். ஜூனியர்கள் நாலைந்து பேர் காலையிலிருந்து போன் பண்ணி, எப்படிப் பாஸ் ஆனீங்க என்று கேட்டதையே கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

இன்டர்னல் எவ்வளவு, ரெக்கார்டுக்கு எத்தனை லெசன் பிளான் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குச் சொல்ல ஒரே விஷயம்தான் இருக்கிறது: மென்டல் இமேஜரி. தமிழில் மனக்காட்சிப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம்: ஒரு அசைவை உடம்பால் செய்யாமல் மனதில் ஓட்டிப் பார்ப்பது. என்னைக் கவிழ்த்ததும் அதுதான், கரை சேர்த்ததும் அதுதான்.

என் ஆட்டம் கோ-கோ. டென்னிஸ் ராக்கெட்டைக் கையில் பிடித்ததே பி.பி.எட் சேர்ந்த பிறகு. ஆனால் விளையாட்டு உளவியல் பேப்பர் எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால் டீச்சிங் லெசனுக்கு (பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக் காட்டும் பகுதி) 'புதியவர்களுக்கு மனக்காட்சி மூலம் ஃபோர்ஹேண்ட்' என்று தலைப்பு எடுத்தேன். ஃபோர்ஹேண்ட் என்றால் ராக்கெட் பிடித்த கைப் பக்கம் வரும் பந்தை அடிப்பது. எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) அசந்துபோவார் என்று நினைப்பு.

பக்கத்துப் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வார்ம்-அப் முடிந்ததும் நிழலில் உட்காரவைத்தேன். "எல்லாரும் கண்ணை மூடுங்க. பந்து உங்களைப் பார்த்து வருது. ராக்கெட்டைப் பின்னால கொண்டு போறீங்க. இடுப்பு உயரத்துல பந்தைச் சந்திக்கிறீங்க. மனசுல தெளிவாப் பாருங்க." ஒரு நிமிஷம் அமைதி. நான் நினைத்தபடிதான் போகிறது என்று இருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் கண்ணை மூடியபடியே கையைத் தூக்கினான்.

"மிஸ், எனக்குத் தோனிதான் வர்றாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எக்ஸ்டர்னல் சிரிக்கவில்லை. கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, இந்தப் பசங்க ஒரு தடவையாவது டென்னிஸ் பந்தை ராக்கெட்டால அடிச்சிருக்காங்களா?" இல்லை என்றேன். "அப்ப எந்தப் படத்தை மனசுல பாக்கச் சொல்ற? நீ ஒண்ணும் குடுக்கலையே." அவ்வளவுதான். மார்க் ஷீட்டில் என்னவோ எழுதினார். பார்க்காமலே எவ்வளவு என்று தெரிந்தது.

அன்றைக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போது யோசித்தால், மொத்த சிலபஸையும் அந்த ஒரு கேள்வியில் வைத்துவிட்டார். மனதில் இருப்பதைத்தான் மனம் மறுபடி ஓட்டிக் காட்டும். அடித்த அனுபவமே இல்லாதவனுக்குக் கையின் கனமோ, ஸ்டிரிங்கில் பந்து படும் அதிர்வோ, அது படும் நேரமோ எதுவும் தெரியாது. அதனால் தெரிந்த ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொள்கிறான். சென்னைப் பையனுக்குத் தெரிந்தது தோனி. ஒரு திறனைக் கற்பதில் மூன்று நிலைகள் என்று உளவியலாளர்கள் ஃபிட்ஸும் போஸ்னரும் 1967இல் சொன்னதை நாம் எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம். முதல் நிலையில் இருப்பவன் 'என்ன செய்யணும்' என்பதையே இன்னும் பிடிக்கவில்லை. அவனுக்குச் சின்னப் படம்தான் தாங்கும், அதுவும் கை ஒரு தடவை பட்டுப் பழகிய பிறகு.

இரண்டாவது தடவை வேறு பன்னிரண்டு பிள்ளைகள், அதே ஃபோர்ஹேண்ட். முதலில் மாற்றியது இது. கண்ணை மூடச் சொல்வதற்கு முன் ஒவ்வொருவரும் பத்துப் பந்து அடிக்க வேண்டும். எப்படி அடித்தாலும் சரி. சிவப்புப் பந்து வைத்தேன். சாதாரணப் பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது, குழந்தைகளின் இடுப்பு உயரத்துக்கு மேல் துள்ளாது. காலேஜில் சிவப்புப் பந்து இல்லையென்றால் ஸ்டோர் ரூமில் துள்ளல் போன பழைய பந்துகள் கட்டாயம் இருக்கும், அதை எடுங்கள். புதுப் பந்தைக் கொடுத்தால் அது தலைக்கு மேல் எகிறும். அப்புறம் பிள்ளையின் மனதில் பதிவது பயந்து ஒதுங்கும் படம்தான்.

நான் பாஸ் ஆனது இனி சொல்லப்போவதால்தான் என்று நினைக்கிறேன். எங்களுக்குக் கிடைத்தது நாலு ராக்கெட். பன்னிரண்டு பிள்ளைகள். எந்த நேரமும் எட்டுப் பேர் சும்மா நிற்பார்கள், சும்மா நிற்கும் எட்டுப் பேர் என்ன செய்வார்கள் என்று டீச்சிங் பிராக்டிஸ் போன யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். முதல் தடவை எல்லாரையும் உட்காரவைத்து வீணடித்தேன். இந்தத் தடவை மனக்காட்சியை வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்தேன். ஒவ்வொருவரையும் வீட்டிலிருந்து பரீட்சை அட்டை எடுத்துவரச் சொல்லியிருந்தேன். அட்டையின் அடியைப் பிடித்துக்கொண்டு, அடிப்பவன் பின்னால் பக்கவாட்டில் நின்று, அவனுக்கு வரும் பந்தைத் தனக்கு வருவதாக நினைத்து, அதே நேரத்தில் அட்டையை வீச வேண்டும். தரையில் படும்போது வாய்க்குள் 'டப்', அடிக்கும்போது 'டொக்'. அவன் பந்தை விட்டாலும் இவர்கள் மனதில் பந்து நெட்டைத் தாண்டிப் போக வேண்டும்.

எட்டுப் பேரும் டப், டொக் என்று முணுமுணுத்துக்கொண்டு அட்டையை வீசியதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது சுற்றில் ராக்கெட்டைக் கையில் வாங்கிய பிள்ளைகள் யாரும் 'எப்படிப் பிடிக்கணும் மிஸ்' என்று கேட்கவில்லை. எக்ஸ்டர்னல் (இவர் வேறு ஆள்) அட்டையைக் கையில் வாங்கி ஒரு தடவை வீசிப் பார்த்தார்.

படம் கொடுக்கும்போது உடற்கூறு பேசாதீர்கள். 'முழங்கையை மடக்கி, மணிக்கட்டைப் பூட்டி' என்று ஆரம்பித்தால் பிள்ளை கல்லாகிவிடும். ஒரு உவமை போதும். லியாவோவும் மாஸ்டர்ஸும் 2001இல் டேபிள் டென்னிஸில் புதியவர்களுக்கு டாப்ஸ்பின்னை (பந்தை முன்பக்கமாகச் சுழலவைக்கும் அடி) செங்கோண முக்கோண உவமையால் சொல்லிக்கொடுத்தார்கள். விதிகளாக அடுக்கும்போது வரும் சுமை இல்லாமல் கற்றார்கள் என்பது முடிவு. வைவாவில் இதைச் சொன்னால் மார்க் உண்டு. நான் பயன்படுத்தியவை:

ஃபோர்ஹேண்ட் முடிப்பு: எதிர்த் தோளில் துண்டு போடுவது.
சர்வ் டாஸ் (சர்வ் போடப் பந்தை மேலே போடுவது): தண்ணீர் நிறைந்த டம்ளரைச் சிந்தாமல் உயர ஷெல்ஃபில் வைப்பது.
சர்வ் வீச்சு: மாங்காய்க்குக் கல் எறிவது. (கல் எறிந்து பழக்கமில்லாத அபார்ட்மென்ட் பிள்ளைகள் இருந்தால் முதலில் பழைய பந்தை எறியவிடுங்கள். இங்கேயும் அதே விதிதான்.)
வாலி (பந்து தரையில் படும் முன் அடிப்பது): முத்திரை குத்துவது. வீசக் கூடாது, குத்த வேண்டும்.

துண்டு உவமைக்கு ஒரு பையன் நிஜமாகவே அரசியல்வாதி மாதிரி துண்டை உதறிப் போட்டுக் காட்டினான். ஃபோர்ஹேண்ட் முடிப்பு அப்படியே வந்துவிட்டது.

சரி, டீச்சிங் போதும். ஸ்கில் டெஸ்ட் என் சொந்தக் கதை.

எங்களுக்கு வைத்தது ஹெவிட் சர்வீஸ் பிளேஸ்மென்ட் என்ற சர்வ் டெஸ்ட். பத்து சர்வ், நெட்டுக்கும் 7 அடி உயரத்தில் கட்டிய கயிற்றுக்கும் நடுவே பந்து போக வேண்டும், விழும் கட்டத்துக்கு ஏற்ப 1 முதல் 6 வரை மார்க். முதல் தடவை பத்தில் மூன்றுதான் உள்ளே. இத்தனைக்கும் இரண்டு வாரம் தினமும் இரவு படுத்துக்கொண்டு சர்வ் போடுவதாக மனக்காட்சி செய்திருந்தேன். எங்கே தவறியது என்று பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

ஒன்று, நான் பார்த்த படம் என்னுடையதே இல்லை. 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் பெண்கள் சென்னை ஓப்பன் பார்க்கப் போயிருந்தேன். லிண்டா ஃபுருவிர்தோவா என்ற 17 வயதுப் பெண் கோப்பை வாங்கிய வருஷம். எனக்குள் இருந்த டென்னிஸ் முழுக்க அந்த கேலரியிலிருந்து பார்த்தது. மனதில் யாரோ ஒரு பெண் தூரத்தில் அழகாக சர்வ் போடுவாள், நான் மேலே உட்கார்ந்து பார்ப்பேன். கண்ணுக்கு முன்னால் என் கை, என் டாஸ், எதுவும் கிடையாது.

இரண்டு, ஸ்லோ மோஷன். அழகுக்காக மெதுவாக ஓட்டினேன். நிஜத்தில் பந்து எனக்காகக் காத்திருக்கவில்லை. டாஸ் இறங்கிவிடும், ராக்கெட் அப்போதுதான் கிளம்பும்.

மூன்று, 'நெட்டில் அடிக்காதே' என்று எனக்கே சொல்லிக்கொண்டது. சொன்னவுடன் மனம் முதலில் காட்டுவது பந்து நெட்டில் விழுவதைத்தான். ஊல்ஃபோக் ஆய்வுக் குழு 1985இல் கோல்ஃப் பட்டிங்கில் (பந்தைக் குழிக்குள் தட்டிவிடுவது) இதையே சோதித்தது. குழியில் விழுவதாகக் கற்பனை செய்தவர்கள் தேறினார்கள், தவறுவதாகக் கற்பனை செய்தவர்கள் சரிந்தார்கள். இதைப் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். அப்படியும் செய்தேன்.

நான்கு, வெயில். என் படத்தில் எப்போதும் இதமான வெளிச்சம். அன்று என் முறை வந்தபோது மணி 12. மே மாதம். டாஸ் போட்டு நிமிர்ந்தால் பந்துக்குப் பக்கத்திலேயே சூரியன்.

இரண்டாவது தடவைக்குக் கடைசி மூன்று வாரம் செய்தது:

காலை கோர்ட்டில் 40 சர்வ், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு பத்துக்குப் பிறகும் பேஸ்லைனிலேயே (கோர்ட்டின் பின்கோடு) நின்று, ராக்கெட் கையில், கண் திறந்தபடி மூன்று சர்வ் மனதில்.
அந்தப் பத்தில் நன்றாக வந்த சர்வை மட்டும் திருப்பி ஓட்டுவது. வராததை ஓட்டுவதில்லை.
நெட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு ஜன்னல் திறந்திருப்பதாகப் பார்ப்பது. நடுவில் நெட் 3 அடி, கயிறு 7 அடி, ஆக 4 அடி ஜன்னல். எங்கள் வீட்டு ஜன்னலும் அவ்வளவுதான். அதில் பச்சைத் திரை உண்டு, மனதில் அதையே மாட்டினேன்.
நிஜ வேகம். ஸ்டாப்வாட்ச் வைத்து என் சர்வ் எத்தனை விநாடி என்று பார்த்து, மனதிலும் அதே.
பன்னிரண்டு மணி வெயிலில் வாரம் இரண்டு நாள். தொப்பி இல்லாமல், எக்ஸாமில் விடமாட்டார்கள் என்ற பயத்தில். (விட்டார்கள். தொப்பி போடுங்கள்.)

மீதியெல்லாம் ரயிலில். குரோம்பேட்டையில் ஏறினால் கிண்டி தாண்டி அடையாறு பாலம் வரும்போது ஆரம்பித்து மாம்பலம் வரை. இறங்க வேண்டியது கோடம்பாக்கம். இரண்டு தடவை நுங்கம்பாக்கத்தில் கண் விழித்தேன். லேடீஸ் கம்பார்ட்மென்டில் பூக்கார அக்கா ஒருவர் என் தோள் துடிப்பதைப் பார்த்து, "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கேட்டதும் எனக்குச் சந்தோஷம். கற்பனையின்போது தசையில் லேசான அசைவு வரும் என்று ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் 1930களிலேயே பதிவு செய்தது ஞாபகம் வந்தது.

படுத்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டு, மெல்லிய இசை போட்டுச் செய்கிற முறையையும் பலர் சொல்வார்கள். எனக்கு அது ஆகாது, தூங்கிவிடுவேன். சும்மா உட்காரத் தெரிந்தவர்கள் முயன்று பாருங்கள். ஹோம்ஸும் காலின்ஸும் 2001இல் தந்த பெட்லெப் (PETTLEP) என்ற மனக்காட்சி முறை என் பக்கம்தான்: அதே உடை, அதே இடம், அதே வேகம், அதே பதற்றம்.

இந்தத் தடவை பத்தில் ஏழு உள்ளே. ஒன்று கயிற்றுக்கு மேலே போனது, இரண்டு நெட்.

வைவாவில் கேட்டவை, ஞாபகம் உள்ளவரை:

மனக்காட்சியைத் தன் கண்ணால் உள்ளிருந்து பார்ப்பதா, கேலரியிலிருந்து போல வெளியிலிருந்து பார்ப்பதா? (இரண்டுக்கும் பயன் உண்டு என்று சொல்லுங்கள். உருவம், பொசிஷன் சரிபார்க்க வெளிப்பார்வை. நேரம், உணர்வுக்கு உள்பார்வை. எனக்கு உள்பார்வைதான், ஆனால் அதை அங்கே அழுத்திச் சொல்ல வேண்டாம்.)
மனப்பயிற்சி மட்டும் போதுமா? (போதாது. ஃபெல்ட்ஸ், லாண்டர்ஸ் இருவரின் 1983 ஆய்வு: ஒன்றும் செய்யாததைவிட மேல். களப்பயிற்சிக்கு மாற்று இல்லை.)
சிங்கிள்ஸ் கோர்ட் அகலம்? 27 அடி. பதற்றத்தில் 36 என்றேன். அது டபுள்ஸ்.
டயர் (Dyer) டெஸ்டில், அதாவது சுவரில் பந்தை அடிக்கும் டெஸ்டில், சுவரிலிருந்து கோடு எவ்வளவு தூரம்? 5 அடி.
கடைசியாக, "முதல் தடவை ஏன் போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தோனி கதையைச் சொன்னேன். இவர் சிரித்தார்.

ராக்கெட் கடன் கேட்டு மெசேஜ் அனுப்பிய தங்கைக்கு: அது என்னுடையது இல்லை, சீனியர் அக்காவுடையது. அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு ஸ்டிரிங் அறுந்திருக்கிறது, அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பரீட்சை அட்டை வேண்டுமானால் எட்டு இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்.